கூலியைக் குறைத்தா வேலை வாங்குவது?

ஆள் தேவைப்பட்டால் கதவைத் திறப்பதும், தேவை தீர்ந்தால் இழுத்து மூடுவதும் பணக்கார நாடுகளின் வழக்கம். தொழிற்சாலைகளுக்கு ஆள் கிடைக்காத மேற்கு ஜெர்மனி, 1961இல் துருக்கியுடன் ஒப்பந்தம் செய்து தொழிலாளர்களை அழைத்தது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தியது. இப்போது மீண்டும் ஆள் பஞ்சம். 2022 டிசம்பரில் நம் நாட்டுடனும் ஒப்பந்தம் போட்டது. யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்பதில் தங்களுக்குள் எவ்வளவோ சச்சரவு இருந்தும், ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2024இல் ஒரு பொதுச் சட்டத் தொகுப்பையே நிறைவேற்றி விட்டன.

ஆளை எடுப்பவர்கள் கூடிப் பேசுகிறார்கள். ஆளை அனுப்புபவர்கள்?

ஐரோப்பாவின் கதை நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தொழில் பழகிய ஃபிட்டரும் வெல்டரும் விமானம் ஏறுவது பெரும்பாலும் வளைகுடாவுக்குத்தான். அங்கே கூலி குறைந்தால், முகப்பேர் கடைத்தெருவில் கல்லாப் பெட்டியும் காலியாகும்.

2020இல் நடந்ததை மறந்து விட்டோமா? பத்தாம் வகுப்பு முடிக்காத தொழிலாளர்கள் வளைகுடா செல்வதற்கு, இதற்குக் குறைந்த சம்பளமென்றால் அனுமதியில்லை என்று மத்திய அரசு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. கொரோனாவால் வளைகுடாவில் வேலைகள் பறிபோன நேரத்தில், அந்த ஆண்டு செப்டம்பரில் அந்த வரம்பையே அரசு குறைத்தது. அமீரகம், கத்தார், ஓமன், பஹ்ரைனுக்கு மாதம் 200 டாலர், குவைத்துக்கு 245, சவூதிக்கு 324!

இந்தியர்களின் வேலையைக் காப்பாற்றவே இந்த ஏற்பாடு என்றார்கள். இது சரியா? நாம் 200க்கு இறங்கினால் நேபாளமும் வங்கதேசமும் 180க்கு இறங்காதா? பிறகு நாம் எதற்கு இறங்குவது? இந்தப் போட்டியில் லாபம் முதலாளிக்கு மட்டுமே. பழைய ஆளை அனுப்பிவிட்டுப் புதிய ஆளைப் பாதிச் சம்பளத்துக்கு எடுக்க நாமே வழிகாட்டியதாகாதா? தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடப்பட்டது. எதிர்ப்பும் வலுத்தது. 2021 ஜூலையில் அந்தக் குறைப்பு திரும்பப் பெறப்பட்டது.

பிலிப்பைன்ஸைப் பாருங்கள்! 2018இல் குவைத்தில் தன் நாட்டுப் பணிப்பெண் ஒருவர் கொலையுண்டது தெரிந்ததும் ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. அதே ஆண்டு மே மாதம் குவைத் இறங்கி வந்து, பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ஒரு நாடு தனியாக நின்றே இதைச் சாதித்தது என்றால், எல்லோரும் சேர்ந்தால் என்ன ஆகும்?

சேர்வதற்கு மேடை இல்லாமல் இல்லை. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், இலங்கை, பிலிப்பைன்ஸ் உள்ளிட்ட நாடுகள் 2003 முதல் 'கொழும்பு செயல்முறை' என்ற பெயரில் கூடி வருகின்றன. ஆனால் அங்கே பேசுவது எவரையும் கட்டுப்படுத்தாது. அது மாற வேண்டும். இந்தச் சம்பளத்துக்குக் கீழே எங்களில் எவரும் ஆள் அனுப்ப மாட்டோம் என்ற பொது வரம்பை வகுக்க இந்தியா முன்கை எடுக்க வேண்டும். இதை நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நாம் கேட்க வேண்டும்.

நம் பங்கும் உண்டு. இளைஞர்களே! விசிட் விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். ஏஜெண்டின் பதிவை இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். சட்டப்படி அவர் வாங்கக் கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே. பத்து லட்ச ரூபாய்க் காப்பீடு தரும் பிரவாசி பாரதிய பீமா யோஜனாவை விட்டு விடாதீர்கள். வணிகர்களே! பயணத்துக்குக் கடன் கேட்டு வரும் பிள்ளையிடம், பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் வேலை ஒப்பந்தத்தை வாங்கிப் படித்துப் பாருங்கள்.

கூலியைக் குறைத்து வாங்கும் வேலை பிழைப்பல்ல, அடிமை முறிதான்!