கங்காவுக்கு யாருமே மாத்திரை கொடுக்கலையே!

சுசீந்திரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகத் தக்கலை போனால், பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை. 1993-ல் பாசில் இயக்கிய 'மணிச்சித்ரதாழ்' மலையாளப் படத்தின் சில காட்சிகள் எடுத்த இடம் இது. அந்தக் கதைதான் கன்னடம் போய், 2005-ல் நமக்கு 'சந்திரமுகி'யாக வந்தது.

பேய் இல்லை, நோய்தான் என்று ரஜினி படம் சொன்னது சாதாரண விஷயமில்லை. ஆனா கங்கா எப்படிக் குணமாகிறார்? பொம்மையை வைத்து ஒரு ராத்திரி நாடகம். அவ்வளவுதான், விடிஞ்சா சரியாகிடுது. மாதக்கணக்கில் மாத்திரை, திரும்பத் திரும்ப ஓ.பி. வரிசை, எதுவும் கிடையாது. அதே வருஷம் வந்த 'அந்நியன்' வேறு வேலை பார்த்தது: மனநோய் வந்தவர் கொலை செய்வார் என்ற பயம். நிஜத்தில் அவர்களில் பெரும்பாலானோர் யாரையும் தாக்குவதில்லை.

இதைவிட மோசம் காமெடி டிராக். சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம், திருவனந்தபுரம் பக்கம் ஊளம்பாறை. இரண்டுமே 19-ஆம் நூற்றாண்டு மனநல மருத்துவமனைகள் இருக்கும் இடங்கள். இரண்டுமே கிண்டல் வார்த்தை ஆகிவிட்டன. ஆஸ்பத்திரி பெயரையே வசைச்சொல்லாக்கிவிட்டால், வீட்டில் ஒருவருக்கு முடியாமப் போகும்போது அங்கே கூட்டிட்டுப் போக யாருக்கு மனசு வரும்?

வேறு எங்கே போனார்கள் என்பதை 'சேது' (1999) காட்டியது. சங்கிலியில் கிடந்த விக்ரமைப் பார்த்து தியேட்டரே அழுதது. இரண்டே வருஷத்தில், 2001 ஆகஸ்ட் 6-ல், ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப் போட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். கீழ்ப்பாக்கத்தில் மருத்துவமனை வந்து அப்போது 130 வருஷம் ஆகியிருந்தது!

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்தது. மயக்க மருந்து தராமல் மின் அதிர்வு சிகிச்சை கொடுப்பதும் இப்போது குற்றம். ஆனா சினிமாவில் 'ஷாக்' இன்னும் தண்டனையாகத்தான் வருகிறது.

எழுத்தில் நிலைமை பரவாயில்லை. கோபிகிருஷ்ணனின் 'உள்ளேயிருந்து சில குரல்கள்' நோயாளிகளையே பேச விட்ட புத்தகம். படமெடுக்கிறவர்கள் அதை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

சுசீந்திரத்துக்காரர்களுக்கு அரண்மனையைவிட ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கிட்டதான். அங்கே மனநலப் பிரிவு இருக்கு. நேரில் போகத் தயக்கமா இருந்தா 14416, 'டெலி மனஸ்'. 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.