தாயின் அளவறிந்து காளை தேர்க!

பிறக்கும் கன்றின் எடை தற்செயலாய் அமைவதன்று. தந்தைக் காளையும் தாய் ஆவும் தத்தம் மரபணுக்களைச் சரிபாதியாய்த் தருகின்றன. தாயின் கருப்பையோ அவ்வளர்ச்சிக்கு எல்லை வகுக்கின்றது. ஓல்சுடீன் கன்று பிறக்கையில் ஏறத்தாழ 40 கிலோ. செர்சிக் கன்று ஏறத்தாழ 25 கிலோ. ஓரினத்துள்ளும் காளைக்குக் காளை கன்றின் எடை வேறுபடும். சிற்றுடல் கொண்ட நாட்டுக் கிடாரிக்குப் பேருடற் காளையின் விந்தை ஏற்றினால், கன்று இடுப்பெலும்பு வழியிற் சிக்கிக்கொள்ளக்கூடும். கன்றும் தாயும் ஒருங்கே மடிதலும் உண்டு.

மேலைநாடுகளில், ஒவ்வொரு பொலிகாளையின் கன்றுகளும் எளிதிற் பிறந்தனவா என்பதற்குப் பதிவு உண்டு. தலையீற்றுக் கிடாரிக்கு அப்பதிவை நோக்கியே காளை தேர்கின்றனர். தமிழ்நாட்டு உழவர் காண்பதோ, ஆங்கில எழுத்தும் எண்ணும் பொறித்த மெல்லிய குழல் ஒன்றே! அக்காளையின் கன்று எத்துணை எடையிற் பிறக்கும் என்பதை அவர் எவ்வாறு அறிவார்? ஆவை இழப்பவர் அவர். அறியும் உரிமை மட்டும் அவர்க்கு இல்லையா?

பால் பெருகல் வேண்டுவதே. ஆயின் காளையின் இனம், கன்றெடை, ஈற்றெளிமை ஆகிய மூன்றையும் தமிழில் எழுதி உழவரிடம் தந்த பின்னரே சினையூசி இடப்படல் வேண்டும். தாய்மொழியில் வாராத அறிவியல் தொழுவத்தை எட்டாது!