ஆற்றங்கரையில் ஃப்ளாட் வாங்கியவர்கள்

அடையாற்றின் கழிமுகத்தை ஒட்டி சென்னை எம்.ஆர்.சி. நகரில் என்னதான் இல்லை? ஐந்து நட்சத்திர ஓட்டல், அலுவலகக் கோபுரங்கள், தொலைக்காட்சி நிறுவனம், கல்யாண மண்டபங்கள், அடுக்கடுக்காய்க் குடியிருப்புகள். அவற்றைக் கட்டியவர்களை மந்தைவெளியிலும் மயிலாப்பூரிலும் உட்கார்ந்து நாம் வேண்டிய மட்டும் திட்டியாயிற்று. அஸ்திவாரம் தோண்டிய நாட்களில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று மட்டும் ஒருவரும் கேட்டுக்கொள்வதில்லை. தை முகூர்த்தத்துக்கு மண்டபம் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தோம்.

நமக்குத் தெரியாமல் நடந்தது என்றும் சொல்ல முடியாது. அலை ஏறி இறங்கும் ஆற்றுப் பகுதியில் கரையிலிருந்து நூறு மீட்டர் வரை (அல்லது ஆற்றின் அகலம், எது குறைவோ அது) கட்டுப்பாடு உண்டு என்றது 2011ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. 2019இல் அந்த நூறு ஐம்பதானது. நகரப் பகுதியில் ஏற்கெனவே ஒரு சாலை இருந்தால் அதன் நிலப்பக்கம் கட்டிக்கொள்ளலாம் என்ற சலுகை 1991 முதலே உண்டு. எல்லாம் பத்திரிகையில் வந்தவைதான். காபியோடு படித்துவிட்டு மடித்து வைத்தோம். இன்னொன்று இதைவிட மோசம். இருபதாயிரம் சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும் என்கிற 2006 அறிவிக்கை, கட்டுமானத் திட்டங்களுக்கு மக்களிடம் கருத்துக் கேட்கத் தேவையில்லை என்று விலக்கும் கொடுத்துவிட்டது. பக்கத்து மனையில் முப்பது மாடி எழும்பினாலும் நம்மை ஒரு வார்த்தை கேட்க வேண்டாம். கேட்கவில்லையே என்று நாமும் கேட்கவில்லை.

ஃப்ளாட் வாங்கப் போன கதையைச் சொன்னால் வெட்கமாக இருக்கும். 'ரிவர் வியூ' என்று அச்சடித்த பிரோஷரில் ஆறு நீலமாக இருக்கும். திரு.வி.க. பாலத்தில் பஸ் ஏறினால் மூக்கைப் பொத்திக்கொள்கிற நாம்தான் அந்த நீலத்தை நம்பி அட்வான்ஸ் கொடுத்தோம். மாடி ஏற ஏற சதுர அடிக்கு இத்தனை ரூபாய் கூடும், 'ஃப்ளோர் ரைஸ்' என்றார்கள். பேரம் பேசியது அதில்தான். யுடிஎஸ் (நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு) எவ்வளவு, கார் பார்க்கிங் மூடியதா திறந்ததா, கேஸ் லைன் வருமா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டோம். 2015 வெள்ளத்தில் இந்த மனையில் தண்ணீர் எந்த உயரத்துக்கு நின்றது என்று கேட்டவர்கள் குறைவு. கேட்டவர்களும் நான்காம் மாடி என்றதும் சமாதானமாகிவிட்டார்கள். குடிபுகுந்த பிறகு ஆற்றுப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு ஏசி போட்டுக்கொண்டோம். அந்த நாற்றத்தில் நம் கழிவும் இருந்தது.

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். வழியில் பெய்த மழை வேறு. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை எல்லாம் மூழ்கின. அது மனிதத் தவறால் வந்த பேரிடர் என்று பின்னால் தணிக்கை அறிக்கையே சொன்னது. ஆனால் வெள்ளம் வடிந்ததும் கரையிலிருந்து அகற்றப்பட்டவை குடிசைகள். ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு, அதாவது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கத்துக்கு அனுப்பினார்கள். ஆக்கிரமிப்பு ஒழிந்தது என்று நாம் சந்தோஷப்பட்டோம். ஆற்றின் இடத்தை இரண்டு தரப்புமே எடுத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் ஓலையும் தார்ப்பாயும் போட்டு, நாம் வங்கிக் கடனில். நம் வீட்டில் பாத்திரம் தேய்த்தவர் சைதாப்பேட்டையிலிருந்து பத்து நிமிடத்தில் நடந்து வந்தவர். பெரும்பாக்கத்திலிருந்து விடிவதற்கு முன்பே பஸ் பிடித்தாலும் எட்டாகிவிடுகிறது. "ஏம்மா தினமும் லேட்டு?" என்று கேட்டோம். சில வீடுகளில் சம்பளத்தைக் குறைத்தார்கள், சில வீடுகளில் ஆளை மாற்றினார்கள்.

தி. நகர்க்காரர்கள் இதைப் படித்துவிட்டு அடையாறு விவகாரம்தானே என்று ஒதுங்க வேண்டாம். 1920களில் பழைய நெடிய ஏரியைத் தூர்த்துப் போட்ட மனைகள் அவை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக்தான் இல்லை. தி. நகரில் விழும் மழை மாம்பலம் கால்வாய் வழியாக நந்தனம் தாண்டி அடையாற்றில்தான் சேர்ந்தாக வேண்டும். 2021 நவம்பரில் அது சேர முடியாமல் தெருவிலேயே நின்றது. விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த 1990களின் கடைசியில் நகரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவு வந்தபோது விண்ணப்பத்தோடு போய் நின்றவர்கள் யார்? பில்டர்கள் மட்டுமா? பால்கனியை அறையாக்கியவர்கள், ஸ்டில்ட் பார்க்கிங்கில் கடை வைத்தவர்கள், நாமும்தான்.

இப்போது அடையாற்றைச் சீரமைக்கும் பேச்சு. 2024 பட்ஜெட்டில் தனியார் பங்களிப்போடு 1,500 கோடி ரூபாய்த் திட்டம் என்றார்கள். சபர்மதி மாதிரி வரும் என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக்கொள்கிறோம். சபர்மதியில் அகமதாபாத்தின் நடுவே நிற்பது நர்மதைக் கால்வாயிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் என்பது அந்தப் படத்தில் தெரியாது. அடையாறு ஆண்டில் பெரும்பகுதி சாக்கடையையும் வடகிழக்குப் பருவமழையில் சில நாட்கள் வெள்ளத்தையும் சுமக்கிற ஆறு. அந்தச் சில நாட்களுக்கு அதற்கு அகலம் வேண்டும். கரையைச் சிமெண்டில் கட்டி நடைபாதை போட்டால் நமக்கு வாக்கிங் போக வசதி, பக்கத்து மனைக்கு விலையும் ஏறும். இந்த இரண்டுக்காகவும் நாம் மறுபடி வாயை மூடிக்கொள்வோம் என்பதுதான் என் பயம்.

சென்னையின் மூன்றாவது பெருந்திட்டம் 2027 முதல் 2046 வரைக்கானது. எந்தக் கரையில் எத்தனை மாடி என்பதை முடிவு செய்யப்போவது அதுதான். இரண்டாவது திட்டம் 2008இல் வந்தபோது எங்கள் தெருவில் யாரும் அதன் வரைபடத்தை விரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. இந்த முறை ஆட்சேபம் எழுதிக் கொடுப்பதைப் பற்றி எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் பேச வேண்டும் என்று கேட்டேன். நிகழ்ச்சி நிரலில் சேர்த்திருக்கிறார்கள், லிஃப்ட் பராமரிப்புக்கும் பார்க்கிங் ஸ்டிக்கருக்கும் அடுத்து, நேரம் இருந்தால்.