தேடலுக்கும் மதிப்பெண் வேண்டும்

மாணவர் எழுதிய கட்டுரையை நாம் திருத்துகிறோம், மதிப்பெண் இடுகிறோம். ஆயின், அதற்குரிய செய்திகளை அவர் எங்கே, எவ்வாறு தேடினார் என்று கேட்பதில்லை. நாம் கேளாததை அவரும் கல்லார்.

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை ஆராயப் புகும் மாணவர் ஒருவரைக் கருதுவோம். கணினியில் நூற்பெயரை வல்லின றகரத்திற்கு மாறாக இடையின ரகரமிட்டுத் தேடினால் பல பதிவுகள் கண்ணிற்படா. ஆங்கில எழுத்தில் தேடினாலோ, 'எஸ்' எனத் தொடங்கும் வடிவமும் உண்டு; மேலைநாட்டு நூலகங்கள் மேற்கொள்ளும் ஒலிபெயர்ப்பில் 'சி' எனத் தொடங்கும் வடிவமும் உண்டு. ஒரு வடிவத்தை மட்டும் இட்டுப் பார்த்தவர், 'இப்பொருளில் ஆய்வுகள் இல்லை' என முன்னுரையில் எழுதிவிடுகிறார். இல்லாதது ஆய்வன்று, தேடும் பயிற்சியே. முன்னோரின் உழைப்பு அந்த ஒரு வரியால் மறைக்கப்படுகிறது.

சொற்களை 'அல்லது' என இணைத்தால் விளைவு பெருகும். 'மற்றும்' என இணைத்தால் சுருங்கும். இச்சிறு நுட்பத்தை வகுப்பில் ஒரு மணி நேரத்தில் கற்பிக்கலாம். காந்திநகர் இன்பிலிப்நெட் மையத்தின் சோத்கங்கா ஆய்வேட்டுத் தொகுப்பும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் கட்டணமின்றித் திறந்து கிடக்கின்றன. வாயில் திறந்திருந்தும் வழி தெரியாது நிற்பது மாணவர் குற்றமன்று.

இது நூலகரின் பணி என்பர் சிலர். சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் விளங்கிய எஸ்.ஆர். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள், படிப்போரின் காலத்தைச் சேமித்தலும் ஒன்று. அக்கடமையில் ஆசிரியருக்கும் பங்குண்டு என்பது எம் கருத்து.

எனவே, அகமதிப்பீட்டில் 5 மதிப்பெண்களைத் தேடற் குறிப்பேட்டிற்கு ஒதுக்க வேண்டுகிறோம். இட்ட சொற்கள், தேடிய இடங்கள், கிடைத்தவை, விலக்கியவை, விலக்கியதன் காரணம் ஆகியவற்றை மாணவர் அதில் எழுதட்டும். ஆசிரியரும் நூலகரும் ஒருங்கிருந்து, 'இந்நூலை எவ்வாறு கண்டீர்?' என்று வினவட்டும். பிறர் கட்டுரையைப் படியெடுத்தவர் இவ்வினாவிற்கு விடை கூற இயலாது. உண்மையாய் உழைத்தவர், தேடியது கிடைக்காவிடினும் மதிப்பெண் பெறுவார்.

பட்டம் பெற்றுச் செல்லும் மாணவச் செல்வங்கள் பாடங்களை மறக்கலாம். தேடும் திறனோ வாழ்நாள் முழுதும் துணைநிற்கும். அத்துணையை அளித்தனுப்புவது நம் கடனாகும்.