செருப்பும் சிந்தனையும்

கணிப்பொறியும் விண்கலமுமே தொழில்நுட்பம் என்று எண்ணப் பழகிவிட்டோம். ஒரு சோடிச் செருப்பும் தொழில்நுட்பமே என்பதை நமக்கு உணர்த்த வல்ல ஊர், செங்கற்பட்டை அடுத்த திருமணி. அங்கு வில்லிங்டன் சீமாட்டி பெயரால் இயங்கிய தொழுநோய் மருத்துவமனையை 1955-இல் நடுவணரசு ஏற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆய்வு நிலையமாக்கியது.

தொழுநோயே காலை அழுகச் செய்கிறது என்று மக்கள் நெடுங்காலம் நம்பினர். கொல்லிமலையில் பிறந்து, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிப் பணிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்டு வேறொன்றைக் கண்டார். நோய் நரம்பைத் தாக்க, உணர்ச்சி மரத்துப் போகிறது. முள் தைத்தாலும் சுடுமணல் பொசுக்கினாலும் கால் அறிவதில்லை. அறியாமல் மேலும் நடக்க, புண் ஆறாது பெருகுகிறது. வலி என்னும் காவல் இழந்தார்க்குச் செருப்பே காவல்.

அதன் அமைப்பை நோக்குங்கள். பாதம் படியும் இடத்தில் மெத்தென்ற நுண்ணறை ரப்பர், எம்.சி.ஆர். என்பர். அதனடியில் முள் ஏறாத கட்டி ரப்பர். ஆணி அறவே கூடாது. ஆணி மேலெழுந்து குத்தினால் அக்கால் உணராதே! விரலிடுக்கில் மாட்டும் செருப்பும் உதவாது. கழன்று விழுந்தது தெரியாமலே நடந்துவிடுவார். ஆதலின் குதிகாலைச் சுற்றி ஒரு வார். அவ்வாரையும் விரல் மடங்கிய கையால் மாட்ட இயல வேண்டும்.

இத்துணைக் கருதிச் செய்தும் பலர் அதனை அணிய மறுத்தனர். கண்ட மாத்திரத்தில் இன்ன நோயர் என ஊரார்க்கு அது அறிவித்துவிட்டது. கோயில் வாயிலிலோ பள்ளிவாசல் படியிலோ கழற்றி வைத்தால், ஆள் உள்ளே சென்ற பின்னும் செருப்பு அவரைக் காட்டிக் கொடுக்குமன்றோ? கடைச் செருப்பை ஒத்த வடிவங்களும் வண்ணங்களும் பின்னரே வந்தன. அதனை ஒப்பனை என்று ஒதுக்குவாரோடு நாம் உடன்படோம். பெட்டிக்குள் கிடக்கும் செருப்பு எந்தக் காலைக் காக்கும்?

இன்னும் தீராதவை உள. இச்செருப்பு சாலையில் நடப்பாரை எண்ணிச் செய்யப்பட்டது. மாமல்லபுரக் கடற்கரைக் குப்பங்களில் ஈரமணலில் நின்று வலை இழுப்பவருக்கும், சேற்றில் நாற்று நடுபவருக்கும் அது எவ்வாறு பொருந்தும்? வீட்டினுள் செருப்பணியாத நம் வழக்கமும் ஒரு தடையே.

பத்தாயிரவரில் ஒருவருக்கும் குறைவாக 2005-இல் நோய் தணிந்தது என இந்தியா அறிவித்தது. ஆயினும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஓர் இலட்சம் புதிய நோயர் கண்டறியப்படுகின்றனர். மருந்து கிருமியைக் கொல்லும். நெடுநாள் மரத்த காலைப் பெரும்பாலும் மீட்பதில்லை.

பொறியியற் கல்லூரிகள் மலிந்த மாவட்டம் இது. இறுதியாண்டு மாணவர் தம் புராஜெக்டுக்குப் பொருள் தேடித் தொலைவு செல்ல வேண்டா. திருமணிக்குச் சென்று, செருப்பு அணிவோரிடமே கேட்கலாம்: ஐயா, வாரை எந்தக் கையால் மாட்டுகிறீர்கள்? மழையில் என்ன செய்கிறீர்கள்? எங்கே கழற்றி வைக்கிறீர்கள்?