ரத்த தானமும் சர்க்காரின் கடமையும்

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். வருஷந்தோறும் ஆடி மாதத்தில் சர்க்காரே அவனுக்கு அம்மலையில் விழா எடுக்கிறது. கொடையை இவ்வாறு போற்றும் நாட்டில், ரத்த தானத்திலுள்ள ஒரு குறையை எடுத்துச் சொல்வது நமது கடமையாகும்.

காசுக்கு ரத்தம் விற்பது, சுப்ரீம் கோர்ட்டின் 1996-ம் வருஷத் தீர்ப்பினால், 1998 ஜனவரி 1 முதல் நம் தேசத்தில் தடுக்கப்பட்டது. தானமாக வரும் ரத்தத்தை எய்ட்ஸ், இருவகை மஞ்சட்காமாலை, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதிக்க வேண்டுமென்பது சட்டம். டெங்குவும் சிக்குன்குனியாவும் அப்பட்டியலில் இல்லை.

இது அற்பக் குறையா? டெங்கு வைரஸ் தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு ஜுரமே காண்பதில்லை. காணுமிடத்தும், ஓரிரு தினம் முன்னரே வைரஸ் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. டெங்குவினின்று குணமானவரிடம் 6 மாதம் ரத்தம் பெறலாகாதென்பது 2017-ல் வகுத்த விதி. நல்ல விதியே, ஆயினும் தமக்கு நோய் வந்ததை அறிந்தவரையே அது தடுக்கும். அறியாதவரை என் செய்யும்? சிங்கப்பூரில் 2007-ல் தானமளித்த ஒருவரின் ரத்தத்தால் பிறருக்கு டெங்கு தொற்றியது. அமெரிக்காவில் 2002-ல் மேற்கு நைல் வைரஸ் 23 பேருக்கு இவ்வாறே தொற்றியது. மறுவருஷமே அங்கு தான ரத்தத்தைச் சோதிக்கத் தொடங்கினர். 2012-ல் டெங்குவுக்கு 60-க்கு மேற்பட்டோரைப் பலிகொடுத்த தமிழ்நாட்டுக்கு அந்த வேகம் வரவில்லை.

டெங்கு பெரும்பாலும் கொசுவால் வருவதே, சோதனைக்குச் செலவும் அதிகம் என்பர். ஒப்புகிறோம். 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலுள்ள மலையில், பிரசவத்தில் ரத்தமிழக்கும் தாய்க்குச் சோதனையின் பேரால் ரத்தம் தாமதிப்பது அதனினும் கொடிது. ஆகவே எங்கும் எப்பொழுதும் சோதிக்க வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. மழைக்காலத்தில், ஜுரம் பரவும் ஜில்லாக்களில், பலருடைய ரத்த மாதிரிகளை ஒன்றுசேர்த்துச் சோதித்தால் செலவு குறையும். தானத்திற்குப் பின் ஜுரம் கண்டால் உடனே தெரிவிக்குமாறு கொடையாளரிடம் சொல்லியனுப்பச் செலவே இல்லை.

மற்றொரு லாபமும் உண்டு. சுகதேகியின் ரத்தத்தில் வைரஸ் தென்பட்டால், வைத்தியசாலைகள் நிரம்புமுன்னரே நோய் ஊருக்குள் புகுந்ததை அறியலாம். அன்னாசியும் வாழையும் காபியும் விளையும் கொல்லிமலையில், இலைக்கணுக்களிலும் மரப்பொந்துகளிலும் தேங்கும் நீரே ஏடிஸ் கொசு பெருகப் போதும். நோயாளி மலையிறங்கி வருமுன், எச்சரிக்கை மலையேற வேண்டும்.

ரத்த தான முகாம் நடத்தும் வாலிபர் சங்கங்கள் இக்கோரிக்கையை ஜில்லாதோறும் எழுப்புக. கொடுப்பது ஜனங்களின் தர்மம். கொடுத்ததைக் குற்றமறச் சேர்ப்பிப்பது சர்க்காரின் கடமை. முன்னதில் நம்மவர் குறை வைக்கவில்லை.