பேத்தியும் பறங்கியர் சமையலும்

பொங்கலுக்கு வந்த பேத்தி, பால், தயிர், நெய் எதையும் தொடமாட்டேன் என்றாள். அதற்கு 'வீகன்' என்று பெயராம். "நெய் சேராமல் என்ன பொங்கல்? நம் மரபு தெரியாதா?" என்று சத்தம் போட்டேன். பிள்ளை சாப்பிடாமலேயே எழுந்து போய்விட்டாள்.

கோடையில் குடும்பத்தோடு கோவா போனோம். பணஜியில் ஃபோன்டைன்ஹாஸ் பகுதியில் பழைய போர்ச்சுகீசிய உணவகம் ஒன்று. மீனும் பன்றி இறைச்சியும் சமைக்கிற இடத்தில் இவளுக்கு என்ன கிடைக்கும் என்று நினைத்தேன். பரிமாறியவர் விசாரித்துவிட்டு, கீரையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த 'கால்டோ வெர்டே' சூப்பை இறைச்சித் துண்டு போடாமல் கொண்டுவந்தார். அவருடைய மரபு ஒன்றும் கெட்டுவிடவில்லை. போர்ச்சுகலிலேயே அரசுப் பள்ளி, மருத்துவமனை உணவகங்களில் இப்படி ஒரு உணவாவது இருக்க வேண்டும் என்று 2017-இல் சட்டம் வந்துவிட்டது.

நாம்தான் பிடிவாதம் பிடிக்கிறோம். நம் குழம்பில் போடும் மிளகாயே போர்ச்சுகீசியர் கப்பலில் வந்தது. சேலம், நாமக்கல் காடுகளில் விளையும் குச்சிக்கிழங்கும் பிரேசிலிலிருந்து அவர்கள் கொண்டுவந்ததுதான். அதிலிருந்து ஜவ்வரிசி எடுத்து, 1981-இல் சேலத்தில் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கமே அமைத்துவிட்டோம். வந்ததையெல்லாம் நம்முடையதாக்கிக்கொண்ட நமக்கு, ஒரு கரண்டி நெய்யை விட முடியாதா?

ஊர் திரும்பியதும் வீட்டில் ஜவ்வரிசிப் பாயசம் வைத்தோம். பசும்பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால், வெல்லம். பேத்தி இரண்டு டம்ளர் குடித்தாள். சாப்பிட உட்கார்ந்தவர் பசியோடு எழுந்து போகக்கூடாது. அதைவிடப் பெரிய மரபு நமக்கு உண்டா?